முகத்தைத் திருப்பாதே

"பயமா இருக்குதுன்னு சொன்னா எவனாச்சு கையப் புடிச்சுக்குவான்டா, ஆனா…" என்று பெரியப்பா சொல்வார், அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது, வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு அடுத்த டென்னிஸ் பந்தை எடுக்கும்போதெல்லாம் முதல் பாதி வந்து நிற்கிறது, பந்தை எறிந்ததும் போய்விடுகிறது. ஊறிய பந்துக்கு ஒரு கனம் உண்டு. காய்ந்த பந்து முகத்தில் பட்டால் துள்ளி ஓடிவிடும், ஊறியது ஒரு கணம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் விழும், பட்ட இடத்திலிருந்து தண்ணீர் கழுத்துக்கு வழியும். எதிரே செம்மலை குந்தியிருக்கிறான், குதிகால் தரையில் படாமல், தொடைகள் இரண்டும் நடுங்க, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. கட்டவில்லை. கட்ட வேண்டியதில்லை, எடுக்காதே என்றால் எடுக்க மாட்டான். பந்து வரும், முகத்தில் படும், முகத்தைத் திருப்பக் கூடாது, அவ்வளவுதான் பயிற்சி. எறிகிறேன். திருப்புகிறான். இடப்பக்கமாக ஒரு சின்னத் திருப்பு, அந்தப் பக்கமிருந்து யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. பந்து வலக்கன்னத்தில் அறைந்து விழுகிறது. திருப்பாதே என்கிறேன். "சரிங்க சார், இன்னொண்ணு போடுங்க" என்கிறான். கோபமே வராத ஆள். கோபம் வந்தால் நன்றாயிருக்கும், எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும். மில்லின் மைதானத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை, இரவு ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் தலைமுடியில் பஞ்சோடு சைக்கிளை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள், ஒரு ஆளை உட்காரவைத்து இன்னொரு ஆள் முகத்தில் பந்தை எறிவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது. சித்திரையில் ஈரோட்டுக்காரர்களோடு கிரிக்கெட் ஆடியபோது ஷார்ட் லெக்கில் நின்றிருந்தான். மட்டையாளனின் மூச்சு கேட்கிற தூரத்தில் குந்தியிருக்க வேண்டிய இடம் அது, அங்கே நிற்பவனுக்கு மட்டை பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, பந்து வீசத் தெரிய வேண்டியதில்லை, ஓடாமல் இருக்கத் தெரிந்தால் போதும். வெயில் தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தான், இன்னும் ஒரு ஓவர்தானே என்று. ஸ்வீப் அடித்த பந்து இடது கன்ன எலும்பில். மில் டிஸ்பென்சரியில் தையல் போட்டார்கள், வீக்கம் வடிந்தது, திரும்பி வந்தான், வந்ததிலிருந்து இந்தத் திருப்பல். இடப்பக்கம் வரும் கேட்ச் ஒன்றும் கையில் தங்குவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கடைசி லீக் ஆட்டம், அது முடிந்ததும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர்களில் யாரை மில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள், அந்தப் பதினொருவரில் இல்லாதவன் பெயர் பேச்சிலேயே வராது. முப்பத்து நான்கு வயதில் செம்மலைக்கு ஷார்ட் லெக்கை விட்டால் அணியில் வேறு இடம் கிடையாது. தைரியத்துக்காக மட்டுமே எடுத்த ஆள், தைரியம் போய்விட்டது, அதைத் திரும்ப உண்டாக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். இன்னொண்ணு போடுங்க சார். போடுகிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு ஃப்ளின்ச் என்று ஒற்றைச் சொல் இருக்கிறது, மெல்பர்னில் பயிற்சியாளனாக இருந்தபோது அந்தச் சொல்லை எத்தனை பேர் மேல் எழுதி ஒட்டியிருப்பேன், ஒட்டியதும் நோய் தெரிந்துவிட்டது போலவும் மருந்து கையில் இருப்பது போலவும் ஆகிவிடும். தமிழில் அப்படி முடியாது. கண்ணை மூடுகிறான், முகத்தைத் திருப்புகிறான், பின்வாங்குகிறான் என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால், இவன் கண்ணை மூடுவதில்லை. வலது கண் விரியத் திறந்து பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, பயந்தவன் எவனும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அதை முதல் வாரத்திலேயே கவனித்தேன், என் பயிற்சியின் முதல் பலன் என்று எடுத்துக்கொண்டேன், மில்லின் விளையாட்டுச் செயலாளர் கோவர்த்தனனிடம் சொல்லவும் செய்தேன். சுற்றிலும் மற்றவர்கள் மைதான ஓரமாக வாத்து நடை போய்க்கொண்டிருக்கிறார்கள், குந்தியபடியே நடந்து ஒரு முழுச் சுற்று, முட்டி கதறும், அது கதறுவது இங்கே நிற்கிற எனக்கே கேட்கிறது, என் வலது முட்டியும் கூடச் சேர்ந்து கதறுகிறது. எங்களைத் தாண்டும்போது யாகூப் தலையைத் தூக்குகிறான். எங்கள் ஆஃப் ஸ்பின்னர், வாய் சும்மா இருக்காது. "செம்மலைண்ணா, பந்து கடிக்காதுங்ணா. கடிச்சாலும் தொப்புளச் சுத்தி ஊசி போட்டுக்கலாம்." வரிசை முழுக்கச் சிரிப்பு. குந்திய நிலையில் சிரித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும், ஒருவன் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான், அவனுக்கு இன்னொரு சுற்று என்று கை காட்டினேன். நாய். பெரியப்பா விளக்கு வைத்த பிறகு வெளியே போக மாட்டார், நாய் பயம் என்பார். அவ்வளவு பெரிய ஆள், நூற்பாலையில் மேஸ்திரி, பகலில் நாற்பது பேரை அதட்டுகிறவர், சாயங்காலமானால் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் கடைவீதி தாண்டுவார். வீதியில் பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குரைக்கும். அவர் நின்றுவிடுவார், எந்தப் பக்கம் என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவார். பயமா இருக்குதுன்னு சொன்னா எவனாச்சு கையப் புடிச்சுக்குவான்டா, ஆனா. ஆனா என்ன. அங்கே, மெல்பர்னில், ஒரு பையனைக் குந்து என்றால் ஏன் என்று கேட்பான். சொல்ல வேண்டும், எந்தத் தசைக்கு, எதற்காக, எவ்வளவு நேரம், வலித்தால் என்ன செய்வது. பதினெட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லியே களைத்துப்போனேன். இங்கே வந்த முதல் நாள் குந்துங்கப்பா என்றேன், குந்தினார்கள், நான் போனில் மகளோடு பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் குந்தியே இருந்தார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அப்பா அங்கே யாரையாவது திட்டுகிறாயா என்று மகள் கேட்டிருந்தாள், இல்லை என்று சொல்லியிருந்தேன், உண்மைதான், இங்கே திட்டவே வேண்டியதில்லை. ஊர் ஞாபகம், மொழி, மண், அம்மாவின் கடைசிக் காலம் என்று திரும்பி வந்ததற்கு எத்தனையோ காரணம் சொல்லிக்கொள்கிறேன், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். குந்து என்றால் குந்துகிறார்கள் என்பது அந்தக் காரணங்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்று வாளியில் கை வைக்கும்போது தோன்றுகிறது. எறிந்ததும் அதுவும் போய்விடுகிறது.

திருப்புகிறான். இந்த முறை நான் நடந்து போய் அவன் தாடையைப் பிடித்தேன். விரல்களுக்குள் தாடை சூடாக, தாடிமுள்ளோடு, ஒரு பிராணியின் தாடை மாதிரி இருந்தது. நேராக வைத்தேன். "இப்படியே இரு. மூக்கு என்னைப் பார்க்கட்டும்." "சரிங்க சார்." திரும்பி வந்து எறிந்தேன். அவன் அசையவில்லை. பந்து இடது கன்னத்தில், பழைய தையல் தழும்பின் மேலேயே போய் உட்கார்ந்தது, தண்ணீர் தெறித்தது, அவன் உதறிப்போனான், பந்து வருவது தெரியவே தெரியாதவன் போல, தூக்கத்தில் அடி வாங்கியவன் போல. ஆனால் முகம் திரும்பவில்லை. வேலி ஓரம் யாரோ கை தட்டினார்கள். அப்போது எனக்குள் எழுந்ததை என்னவென்று சொல்வது, மகிழ்ச்சி என்று சொன்னால் வெட்கம், திருப்தி என்றால் பொய், வாய்க்குள் ஒரு இனிப்பு ஊறியது, அவ்வளவு சொல்லலாம். இன்னொன்று. அதே இடம். இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அவன் அப்படித்தான் உதறினான், ஒவ்வொன்றும் அவனுக்குப் புதிதாக இருந்தது. பயத்தை முறிப்பதென்றால் இதுதான், பழகப் பழக உடம்பு தெரிந்துகொள்ளும், இதில் ஒன்றும் ஆகிவிடாது என்று அதற்குத் தெரியும், பிறகு அது திரும்பாது, இதை நான் கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். பழகினால் உதறல் குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை என்ற கேள்வி ஒரு ஓரத்தில் எழுந்து நின்றது, கை தட்டல் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டது. கோவர்த்தனன் சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். நான் வந்த புதிதில் கீப்பருக்கு முட்டி போய்விட்டது, ஆறு மாதம் கொடுங்கள், நான் சரி செய்கிறேன் என்று அவரிடம் போய் நின்றேன். "பயந்தவன், சோம்பேறி, கொழுப்பெடுத்தவன் எவனை வேணாக் குடுங்க சார், நீங்க திருத்திருவீங்க. உடம்பு போனவன வெச்சுட்டு மில்லு என்ன பண்றதுங்க?" என்றார். கீப்பர் அன்று மாலையே பெட்டியைக் கட்டினான், விடுதி வாசல் வரை கூடப் போனவன் செம்மலைதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். தொடை நடுங்குகிறது அவனுக்கு, எனக்கு எறிந்து எறிந்து தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. "போதும், எந்திரி." எழுந்திருக்க முடியாமல் முதலில் கைகளை முன்னால் கொண்டுவந்து தரையில் ஊன்றி, பிள்ளைகள் தவழ்வது போல நின்று, பிறகு எழுந்தான். இடது கன்னம் தக்காளி மாதிரி இருந்தது. "இன்னைக்குத் திருப்பலீங்களே சார்" என்றான். பாராட்டை எதிர்பார்த்தானா, கேலியா, தெரியவில்லை.

கேன்டீன் டீ வந்தது. இந்த அணியில் ஒரு வழக்கம் இருக்கிறது, யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கேனிலிருந்து டீயை ஸ்பின்னர்தான் ஊற்றுவான், முதல் டம்ளரை ஷார்ட் லெக்கில் நிற்பவனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். வாயால் எதுவும் சொல்ல மாட்டான், வாங்குகிறவனும் சொல்ல மாட்டான். என் பந்துக்காக நீ முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறாய் என்று அதற்கு அர்த்தம், அல்லது அர்த்தம் ஒன்றும் இல்லை, டீ, அவ்வளவுதான். செம்மலை இடப்பக்கக் கேட்சுகளை விட ஆரம்பித்த பிறகு யாகூப் முதல் டம்ளரைத் தானே குடிக்கத் தொடங்கினான். யாரும் எதுவும் கேட்கவில்லை, செம்மலையும் கடைசியில் போய் மிச்சத்தை ஊற்றிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்து குடிப்பான். நான் வந்து பார்த்ததிலேயே கொடூரமான தண்டனை அதுதான், என்னுடைய வாளி அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. இன்று யாகூப் ஊற்றினான், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், செம்மலையின் கன்னத்தைப் பார்த்தான். பிறகு நடந்தான். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். செம்மலை கல் உருளையின் மேல் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தபடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாகூப் அவனுக்கு இடப்பக்கம் போய் நின்று டம்ளரை நீட்டினான். வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை. செம்மலை துடைத்துக்கொண்டே இருந்தான். டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. யாகூப் சூடு பொறுக்காமல் கை மாற்றினான், மறுபடியும் நீட்டினான், இன்னும் கிட்டத்தில், ஏறக்குறைய தோளோடு. செம்மலை மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், எதையோ நினைத்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். யாகூபின் முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன். "ரோசத்தப் பாருங்க" என்றான், எங்களைப் பார்த்து. "கேட்சையும் வாங்க மாட்டாராமா, டீயும் வாங்க மாட்டாராமா." டம்ளரைத் தரையில் கவிழ்த்தான். அந்தச் சத்தத்துக்குத்தான், புழுதியில் டீ விழுந்த வாசனைக்குத்தான் செம்மலை திரும்பினான், முழுத் தலையையும் இடப்பக்கமாக, தோள்வரை திருப்பி. ஈரத்தைப் பார்த்தான், யாகூபின் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தான், எங்கள் எல்லோரையும் பார்த்தான். என்ன போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாகூபே அவன் காலில் விழுந்திருப்பான். மூடிக்கொண்டான். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது, அந்த இனிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மற்றவர்கள் கேனைச் சுற்றி நின்றார்கள். அவன் எழுந்து போய் சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். நான் புல்லில் சத்தம் வராமல் அவனுக்கு இடப்பக்கமாக நடந்தேன். இல்லை, இருக்காது, இருந்தால் எனக்குத் தெரியாதா, பதினெட்டு வருடம், சான்றிதழ்கள், உடம்பைப் பார்த்தே எந்த நரம்பு எங்கே இழுக்கிறது என்று சொல்கிறவன், இத்தனை வாரம் தினமும் இந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன். திருப்புகிறான், அதனால் பயம். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவன் அந்தக் கண்ணைப் பந்துக்கு நேரே கொண்டுவர வேறு எப்படித் திருப்புவான். அவன் நிமிர்ந்தான், மைதானத்தைப் பார்த்து நின்றான். ஈரப் பந்து ஒன்றை எடுத்து அவன் இடது கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். இமை ஆடவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். நல்ல கண், தெளிவான கண், ஒரு சிவப்புக்கூட இல்லை, காலை வெயில் அதில் விழுந்திருந்தது, அந்த வெயிலுக்குள் நான் சின்னதாக, பந்தைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அவனுக்கு மட்டும் நான் அங்கே இல்லை. பந்திலிருந்து ஒரு சொட்டு அவன் தோளில் விழுந்தது, துள்ளித் திரும்பினான். பந்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். "எப்ப இருந்து?" என்றேன். "ஏனுங் சார்?" "கண்ணு." வாளியைக் கீழே வைத்தான், கைகளை டவுசரில் துடைத்தான், கேன் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "பயம்தானுங்க சார்" என்றான். நான் பந்தை வாளியில் போட்டேன். "பயம்னே இருக்கட்டுங்க சார். எல்லாருக்கும் அப்படித்தான தெரியும்." குரல் கெஞ்சவில்லை, எனக்குத்தான் ஏதோ சமாதானம் சொல்வது போல இருந்தது. "தெரிஞ்சே எதுக்குடா இத்தனை நாள் முகத்துல வாங்கின?" "வாங்கலீன்னா ஏன்னு கேட்டிருப்பீங்களே." நேராக வை என்று தாடையைப் பிடித்தேனே, அப்போதுகூட. "இன்னொரு கண்ணு?" "அது நல்லா இருக்குதுங்க. இப்பச் சத்தத்த வெச்சுக்கூடப் புடிச்சர்றங்க சார், மட்டையில படற சத்தம். இடதுல வர்றதுதான் கொஞ்சம்." கொஞ்சம் என்றான். அப்போதுதான், எந்த அழைப்பும் இல்லாமல், பெரியப்பாவின் மறுபாதி வந்தது, மங்கல் நேரம், கடைவீதி, என் கை அவர் கைக்குள், சுவருக்குப் பின்னால் குரைப்பு. பயமா இருக்குதுன்னு சொன்னா எவனாச்சு கையப் புடிச்சுக்குவான்டா, ஆனா மத்ததச் சொல்லிப் பாரு, ஒதுங்கி வழி விட்டுருவானுக. மாலைக்கண் என்று நாங்கள் தெரிந்துகொண்டது அவர் போன பிறகு.

கோவர்த்தனனின் கார் வேலிக்கு வெளியே வந்து நின்றது, கதவைச் சாத்தும் சத்தம். சொல்லிவிட்டால் கண் ஆஸ்பத்திரி, அங்கே பார்ப்பார்கள், ஏதாவது செய்ய முடியலாம், முடியாமலும் போகலாம், எப்படியும் இன்று மாலை பெட்டி, இந்த முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வர ஆள் இருக்காது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாகூப் பந்து போடுவான், எவனோ ஒருவன் முட்டி போட்டு ஸ்வீப் அடிப்பான், ஹெல்மெட் இருக்கும், ஹெல்மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருக்கும், மிச்சம் இருப்பதோ ஒரு கண். சொன்னால் இன்னொன்றும் கேட்பார்கள். எப்போது கண்டுபிடித்தீர்கள் சார், இத்தனை வாரம் அந்த ஆளை உட்காரவைத்து என்ன சார் செய்துகொண்டிருந்தீர்கள், வேலிக்கு வெளியே நின்று அத்தனை பேர் பார்த்தார்களே. கேட்காமலும் இருப்பார்கள், அது அதைவிட மோசம். மெல்பர்னில் கேட்டிருப்பார்கள், எழுத்தில் கேட்டிருப்பார்கள். இந்தப் பயம் எனக்கா அவனுக்கா, எந்தக் கண்ணைப் பற்றி யோசிக்கிறேன், அவனுக்கு உதவுகிறேனா என் வாளியை மறைக்கிறேனா, இரண்டும் ஒன்றாகவே இருக்கும்போது எதை எதிலிருந்து பிரிப்பது. கோவர்த்தனன் புல்லில் கால் வைக்காமல் ஓரப் பாதையிலேயே வந்தார், சட்டை கசங்கவில்லை. "எப்படிங்க சார், திருப்பறது நின்னுருச்சுங்களா?" என்றார். "நின்னுருச்சு" என்றேன், அது உண்மை. யாகூப் அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தான். "சார், நானொண்ணு கேட்டுக்கறேன். என்ற பந்துக்கு வேற ஆளப் போடுங்க. இல்லீன்னா யாருமே இல்லாமக்கூடப் போட்டுக்கறேன்." யாரோ சிரித்தார்கள், யாகூப் சிரிக்கவில்லை. கோவர்த்தனன் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். ஞாயித்துக்கெழம ஷார்ட் லெக் யாருங்க?" செம்மலை வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்வதைப் பார்ப்பதற்காக முகத்தை மெல்ல இடப்பக்கமாகத் திருப்பினான், யாரும் அவனைத் திருப்பாதே என்று சொல்லவில்லை.

செம்மலையே நிற்கட்டும் என்றேன்.